கேஸ் பாய்லரைக் கழற்றும் முன்

பிரிட்டனின் கிராமங்களில் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பங்களுக்கு,

நான் கிழக்கு இங்கிலாந்தில் வீடுகளுக்கு வெப்பமூட்டும் வேலை செய்பவன். கேஸ் பாய்லர், எண்ணெய் பாய்லர் இரண்டையும் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் பிழைப்பு. சில காலமாக நம் ஆட்களின் வீடுகளுக்கு அதிகம் போகிறேன். மருத்துவமனை வேலைக்காக நார்ஃபோக்குக்கும் லிங்கன்ஷயருக்கும் வந்த மருத்துவர்கள், செவிலியர்கள், லண்டன் விலை கட்டுப்படியாகாமல் ஊர்ப்புறத்தில் பெரிய வீடாகப் பார்த்து வந்தவர்கள், பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டுமென்று வந்தவர்கள் எனப் பலர். வேல்ஸிலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் தெரிந்தவர்கள் மூலம் எண் வாங்கிப் பேசுகிறவர்களும் உண்டு.

ஐப்பசி பிறந்து குளிர் தலைகாட்டியதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. "அண்ணா, இந்த கேஸ் பில் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் எண்ணெய்தான் போடுகிறார், பாதி செலவுதான் என்கிறார். நாங்களும் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு எண்ணெய் பாய்லர் போட்டுவிடலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையே உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை வைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரைக் கழற்றுவதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் யாரும் அதைச் செய்வதில்லை.

உங்கள் ஊரில் ஏன் எரிவாயுக் குழாய் இல்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1965இல் வட கடலில் எரிவாயு கண்டுபிடித்தார்கள். 1967இல் அது கரைக்கு வந்தது. அதற்கு முன்பு நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுதான் நகரங்களில் எரிந்தது. 1967 முதல் 1977 வரை பத்தாண்டுக் காலம் வீடு வீடாகப் போய் அடுப்பையும் பாய்லரையும் புதிய வாயுவுக்கு மாற்றினார்கள். குழாய் போட்ட செலவு திரும்பிவரும் அளவுக்கு வீடுகள் நெருங்கியிருந்த இடங்களுக்கு மட்டுமே அந்தக் குழாய் போனது. ஒரு மைலுக்கு நான்கு வீடு இருக்கும் ஊர்களை விட்டுவிட்டார்கள். வட அயர்லாந்தின் கதை வேறு. அங்கே பழைய நகர வாயு நிறுவனங்கள் 1980களில் மூடப்பட்டு, ஸ்காட்லாந்திலிருந்து கடலடிக் குழாய் 1996இல்தான் வந்தது. அதனால்தான் இன்றும் அங்கே எண்ணெய் எரிக்கும் வீடுகளே அதிகம். பெரிய பிரிட்டனிலோ எரிவாயுக் குழாய் இல்லாத வீடுகளில் சிலர் எண்ணெய்க்குப் போனார்கள். சிலர் தோட்டத்தில் பெரிய டேங்க் வைத்து எல்.பி.ஜி. எரிக்கிறார்கள். சிலர் சுவரோரம் 47 கிலோ சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். உங்களில் பலர் வாங்கிய வீடு இந்தக் கடைசி இரண்டு வகை. கேஸ் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இந்த எல்.பி.ஜி.தான். நம் ஊர்ச் சமையலறை சிலிண்டரில் வருவதும் இந்த இனம்தான்.

அதேபோல் இங்கே எண்ணெய் என்று சொல்வது மண்ணெண்ணெய். ரேஷன் கடையில் கேனைப் பிடித்து வரிசையில் நின்று வாங்கியவர்களும், போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அலைந்தவர்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களில் இருப்பார்கள். அந்த எண்ணெயைத்தான் இங்கே டேங்கர் லாரியில் கொண்டுவந்து, ஒரு தடவைக்குக் குறைந்தது 500 லிட்டர் என்று தோட்டத்து டேங்கில் நிரப்புகிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

எல்.பி.ஜி. பில்லிலும் லிட்டர் என்று இருக்கும், எண்ணெய் பில்லிலும் லிட்டர் என்று இருக்கும். இரண்டு லிட்டரும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் சுமார் 7.1 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 10.35 யூனிட். யூனிட் என்றால் உங்கள் மின்சார மீட்டரில் ஓடும் அதே கிலோவாட்-மணி. ஆகவே லிட்டர் விலையை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. எந்த எரிபொருளாக இருந்தாலும் லிட்டர் விலையை அதிலுள்ள யூனிட்டால் வகுத்துவிட்டுப் பாருங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு போடுகிறேன். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் பில்லில் உள்ளதை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய, விசாலமான கிராமத்து வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 15,000 யூனிட் வெப்பம் தேவை என்று வைத்துக்கொள்வோம். பாய்லரின் திறன் இரண்டிலும் 90 விழுக்காடு என்றால், எரிக்க வேண்டியது சுமார் 16,670 யூனிட். எல்.பி.ஜி.யில் அது 2,350 லிட்டர். மண்ணெண்ணெயில் 1,610 லிட்டர். எல்.பி.ஜி. லிட்டர் 75 பென்ஸ், எண்ணெய் 65 பென்ஸ் என்றால், கேஸுக்கு ஆண்டுக்கு 1,760 பவுண்டு, எண்ணெய்க்கு 1,045 பவுண்டு. வித்தியாசம் 700 பவுண்டுக்கு மேல். பக்கத்து வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த 75 பென்ஸ் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எல்.பி.ஜி. டேங்க் பெரும்பாலும் உங்களுடையது அல்ல, கேஸ் விற்கும் நிறுவனத்துடையது. வீட்டை வாங்கும்போது பழைய சொந்தக்காரரின் ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு மாறியிருக்கும். பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். முதல் ஆண்டு விலை நியாயமாக இருந்திருக்கும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு பென்ஸ் மூன்று பென்ஸ் என்று ஏறி, நீங்கள் இப்போது கொடுப்பது புது வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையை விட வெகு தூரம் போயிருக்கும். "டேங்க் அவர்களுடையது, நாங்கள் எங்கே போவது?" என்று ஒரு தம்பி கேட்டார். அப்படி நினைத்துக்கொண்டுதான் பலர் பேசாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அது உண்மையல்ல. இந்த நாட்டின் போட்டி ஆணையம் இந்தச் சந்தையை விசாரித்து 2006இல் முடிவு சொன்னது. டேங்க் தங்களுடையது என்பதைக் காட்டி வாடிக்கையாளரைக் கட்டிப்போடுவது தவறு என்று கண்டு, 2008இல் ஆணை பிறப்பித்தது. அதன்படி வீட்டுக்கு மொத்தமாக எல்.பி.ஜி. விற்கும் எந்த நிறுவனமும் உங்களை இரண்டு ஆண்டுக்கு மேல் தன்னோடு மட்டும் கட்டிவைக்க முடியாது. அதற்குப் பிறகு நீங்கள் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். புதிய நிறுவனம் அந்த டேங்கைப் பழைய நிறுவனத்திடமிருந்து எடுத்துக்கொள்ளும். தோட்டத்தைத் தோண்ட வேண்டியதில்லை, உங்கள் குழாயில் கை வைக்க வேண்டியதில்லை. நான் சொன்ன அந்த முதல் வேலை இதுதான். ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். இரண்டு ஆண்டு முடிந்துவிட்டதா என்று பாருங்கள். உங்கள் பகுதிக்கு கேஸ் கொண்டுவரும் மற்ற நிறுவனங்களைக் கூப்பிட்டு விலை கேளுங்கள். வந்த விலையைச் சொல்லி இப்போதைய நிறுவனத்திடமும் பேசுங்கள். பேரம் பேசுவது மரியாதைக் குறைவு என்று இந்த நாட்டில் நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். எல்.பி.ஜி. வியாபாரத்தில் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் பேரம் பேசித்தான் வாங்குகிறார்கள்.

விலை 60 பென்ஸுக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டுக்கு ஆண்டுச் செலவு 1,410 பவுண்டு. எண்ணெயோடு வித்தியாசம் இப்போது 365 பவுண்டுதான். எண்ணெய்க்கு மாறப் புது பாய்லர், டேங்க், டேங்குக்கு அடித்தளம், எண்ணெய்க் குழாய், புகைக்குழாய், கூலி, பழைய கேஸ் டேங்கை எடுத்துப்போகும் கட்டணம் எல்லாம் சேர்த்து 7,000 பவுண்டு என்று போட்டால், முதல் கணக்கில் பத்து ஆண்டில் பணம் திரும்பும். இரண்டாவது கணக்கில் பத்தொன்பது ஆண்டு ஆகும். அதற்குள் அந்தப் புது பாய்லருக்கும் வயதாகிவிடும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைக்கக்கூடிய பணத்துக்காகச் சேமிப்பைக் கரைத்து, தோட்டத்தைத் தோண்டி, சமையலறையைக் கலைத்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

விலையைக் குறைத்த கையோடு எரிக்கும் அளவையும் குறைக்கப் பாருங்கள். பரணில் 270 மில்லிமீட்டர் அளவுக்குக் காப்புப் பஞ்சு இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள், பழைய வீடுகள் பலவற்றில் நூறு கூட இராது. பிறகு பாய்லரின் தண்ணீர் வெப்பநிலை. முன்பிருந்தவர் 75, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருப்பார். இங்கிலாந்தில் 2005 முதல் பொருத்திய கேஸ் பாய்லர்கள் ஏறக்குறைய எல்லாமே புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் வகை. ரேடியேட்டரிலிருந்து திரும்பிவரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். சூட்டை 60க்கு இறக்கி, வீடு கொஞ்சம் மெதுவாகச் சூடேறுவதைப் பொறுத்துக்கொண்டால், ஒரு பென்ஸ் செலவில்லாமல் கேஸ் மிச்சமாகும். தண்ணீர்த் தொட்டி தனியாக உள்ள வீட்டில் மட்டும் அந்தத் தொட்டி 60 டிகிரியை எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கிருமி வளராமல் இருக்க அது வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் எண்ணெய்தான் என்று முடிவெடுத்தால், என்ன வாங்குகிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கேஸ் பாய்லரில் ஒரு பாகத்தை மாற்றி எண்ணெய்க்குக் கொண்டுவர முடியாது. எல்.பி.ஜி. பாய்லருக்கும் குழாய் எரிவாயு பாய்லருக்கும் இடையே சில மாடல்களில் அப்படி மாற்றலாம். எண்ணெய் பாய்லர் இயங்கும் விதமே வேறு. ஒரு பம்பு மண்ணெண்ணெயை ஏழு முதல் பத்து பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. அது ஊசித்துளை போன்ற நாசில் வழியாகப் பனிப்படலமாகச் சிதறுகிறது. காற்றாடி காற்றைத் தர, மின்பொறி பற்றவைக்கிறது, ஒளியுணரும் கண் ஒன்று தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீட்டுப் பாய்லர்களில் இந்த பர்னர் பெரும்பாலும் ஒரே அளவில்தான் எரியும், இல்லையென்றால் அணைந்திருக்கும். கேஸ் பாய்லர் தேவைக்குத் தக்கபடி தீயைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பங்குனியின் மிதமான குளிரில் அது சின்னத் தீயில் மணிக்கணக்காக ஓடும். எண்ணெய் பாய்லர் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து தேயும். அதனால் வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடாமல், "பெரிய வீடுதானே, 26 கிலோவாட் போட்டுவிடலாம்" என்கிற ஆளை நம்பாதீர்கள். அறை அறையாக அளந்து கணக்குப் போடச் சொல்லுங்கள். ரேடியேட்டர்களும் அவற்றுக்குப் போகும் குழாய்களும் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே இருக்கலாம், உள்ளே கழுவிவிட்டால் போதும்.

சுவரில் மாட்டிய சின்ன கேஸ் பாய்லரின் இடத்தில் எண்ணெய் பாய்லர் உட்காராது. அது பெரும்பாலும் தரையில் நிற்கும் கனத்த பெட்டி, இரைச்சலும் உண்டு. இடம் இருந்தால் வெளிச்சுவரோரம் நிறுத்தும் மாடலைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை சர்வீஸ் செய்தே ஆகவேண்டும், நாசிலையும் நெகிழ் எண்ணெய்க் குழாயையும் மாற்ற வேண்டும். கேஸைப் போல இரண்டு மூன்று ஆண்டு கண்டுகொள்ளாமல் விட்டால் கரி பிடித்து, நடு மார்கழியில் நின்றுவிடும்.

இங்கே நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த கேஸ் டேங்கிலிருந்துதான் உங்கள் அடுப்பும் எரிகிறது. டேங்க் போனால் அடுப்பும் போகும். எண்ணெய்க்கு மாறிய ஒரு வீட்டில் பாட்டி முதல் நாள் காலையில் அடுப்பைத் திருகிப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். வேலையை ஒப்புக்கொண்டவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. இரண்டு வழி இருக்கிறது. வெளியே சிலிண்டர் வைத்து அடுப்புக்கு மட்டும் கேஸ் தொடரலாம். அல்லது இண்டக்ஷன் அடுப்புக்குப் போகலாம். இரும்பு தோசைக்கல் இண்டக்ஷனில் நன்றாகவே வேலை செய்யும். அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் செய்யாது. அப்பளம் சுடுவதும் கத்திரிக்காய் சுடுவதும் போய்விடும். வீட்டில் சமைப்பவரைக் கேட்காமல் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

அடுத்தது டேங்க். பாய்லரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவர்கள் டேங்கைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. எண்ணெய் வீட்டில் பெரிய நஷ்டம் வருவதெல்லாம் டேங்கால்தான். வீட்டுக்கு 1,000 முதல் 1,200 லிட்டர் கொள்ளும் டேங்க் வழக்கம். அது கட்டடத்திலிருந்தும், கதவு சன்னல்களிலிருந்தும், புகைக்குழாய் முனையிலிருந்தும் குறைந்தது 1.8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எல்லை வேலியிலிருந்து 760 மில்லிமீட்டர். அந்த இடைவெளி இல்லையென்றால் நடுவில் தீ தாங்கும் சுவர் வேண்டும். அடித்தளம் எரியாத பொருளில், டேங்கைச் சுற்றி எல்லாப் பக்கமும் 300 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். எண்ணெய்க் குழாய் வீட்டுக்குள் நுழையும் முன், வெளியிலேயே தீயடைப்பு வால்வு ஒன்று இருக்க வேண்டும். பர்னர் பக்கம் சூடு மிஞ்சினால் எண்ணெயைத் தானாக நிறுத்துவது அதுதான்.

ஒற்றைச் சுவர் டேங்க் விலை குறைவு. வாங்காதீர்கள். உள் டேங்கின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்கும் வெளிக்கூடு கொண்ட இரட்டை டேங்கையே வாங்குங்கள். ஓடையோ பள்ளமோ பத்து மீட்டருக்குள் இருந்தாலும், கிணறோ ஆழ்துளைக் கிணறோ ஊற்றோ ஐம்பது மீட்டருக்குள் இருந்தாலும் விதிப்படியே இரட்டை டேங்க் கட்டாயம். கிராமத்து வீடுகளில் சொந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். மண்ணில் கசிந்த மண்ணெண்ணெய் பிளாஸ்டிக் குடிநீர்க் குழாயின் சுவரையே ஊடுருவி உள்ளே போகும், குழாய் உடைந்திருக்க வேண்டியதே இல்லை. வீட்டின் அடியில் கசிந்தால் தரையைப் பெயர்த்து மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டி வரும். அந்தச் செலவு பாய்லரின் விலையைப் போல் பல மடங்கு. மெல்ல மெல்லக் கசிந்ததை எல்லா வீட்டுக் காப்பீடும் ஏற்றுக்கொள்வதில்லை. எண்ணெய் போடும் முன் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணெய் டேங்க் ஏற்கனவே நிற்கும் வீடாக இருந்தால், பிளாஸ்டிக் டேங்க் வெயிலில் வெடிப்பு விடும், இரும்பு டேங்க் உள்ளே தேங்கும் தண்ணீரால் அடியிலிருந்து துருப்பிடிக்கும் என்பதை மனதில் வைத்து ஆள் அழைத்துச் சோதியுங்கள்.

எண்ணெய் விலையைப் பற்றி ஒன்று. மின்சாரத்துக்கும் குழாய் எரிவாயுவுக்கும் அரசு ஒழுங்குமுறை அமைப்பின் விலை உச்சவரம்பு இருக்கிறது. எண்ணெய்க்கும் எல்.பி.ஜி.க்கும் அது கிடையாது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் தடை விதித்தபோது சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கை நெருங்கியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த இரண்டே வாரத்தில் வீட்டு எண்ணெய் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அடுத்து வந்த குளிர்காலத்தில் அரசு எண்ணெய், எல்.பி.ஜி. வீடுகளுக்கு 200 பவுண்டு கொடுத்தது. பல வீடுகளில் டேங்கின் கால்வாசி நிரப்பக்கூட அது போதவில்லை. எண்ணெய் வீடு என்றால் கோடையில் விலை இறங்கும்போது நிரப்பி வைக்கும் முதல் கையில் இருக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் மாதாமாதம் கட்டிப் பழகிய குடும்பத்துக்கு, ஒரே நாளில் எழுநூறு எண்ணூறு பவுண்டு எடுத்து வைப்பது எளிதல்ல. கிராமங்களில் பத்து இருபது வீடுகள் சேர்ந்து ஒரே லாரிக்குச் சொல்லி வாங்கும் குழுக்கள் உண்டு. போய்ச் சேருங்கள். விலை குறையும், அக்கம்பக்கத்துப் பழக்கமும் கிடைக்கும்.

குழாய் எரிவாயு உள்ள வீட்டுக்காரர்கள் சிலரும் 2022க்குப் பிறகு எண்ணெயைப் பற்றிக் கேட்கிறார்கள். உங்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. யூனிட் கணக்கில் பெரிய லாபம் இல்லை, செலவோ பல ஆயிரம், மீட்டரை எடுத்துவிட்டால் திரும்ப இணைப்பு வாங்கவும் காசு.

பாய்லர் உண்மையிலேயே சாகும் நிலையில் இருந்தால்? அப்போது புதிதாக ஏதோ ஒன்றுக்குச் செலவு செய்துதான் ஆகவேண்டும். அந்த நேரத்தில் எண்ணெயை மட்டும் பார்க்காமல் வெப்பப் பம்பையும் சேர்த்துப் பாருங்கள். நான் எண்ணெய் பாய்லர் போட்டுப் பிழைப்பவன், இருந்தும் சொல்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேஸ், எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு போடுகிறவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. ஸ்காட்லாந்தில் தனித் திட்டம் உண்டு. எண்ணெய் பாய்லருக்கு அப்படி ஒரு பைசா கிடையாது. வெப்பப் பம்பு ஒரு யூனிட் மின்சாரத்தில், வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தையும் சேர்த்து, மூன்று, மூன்றரை யூனிட் வெப்பத்தை வீட்டுக்குள் தரும். மேலே சொன்ன வீட்டுக்கு மின்சாரம் யூனிட் 25 பென்ஸ் என்றால், மூன்று மடங்கில் ஆண்டுக்கு 1,250 பவுண்டு, மூன்றரை மடங்கில் சுமார் 1,070 பவுண்டு. எண்ணெய்ச் செலவை ஒட்டி வந்துவிடுகிறது. சில ரேடியேட்டர்களைப் பெரிதாக்க வேண்டியிருக்கும், சுடுதண்ணீர்த் தொட்டிக்கு இடம் வேண்டும், வீடு ஓரளவுக்காவது காற்று புகாமல் இருக்க வேண்டும். அந்த மூன்றும் நடக்கும் வீட்டில் நான் வெப்பப் பம்பைத்தான் சொல்கிறேன்.

எரிபொருளின் புகையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு யூனிட் வெப்பத்துக்கு மண்ணெண்ணெய் சுமார் கால் கிலோ கரியமில வாயுவை விடுகிறது, எல்.பி.ஜி. அதைவிடக் குறைவு, குழாய் எரிவாயு அதைவிடவும் குறைவு. கேஸிலிருந்து எண்ணெய்க்குப் போவது இந்த வகையில் பின்னோக்கிப் போவதுதான். குழாய் எரிவாயு இல்லாத வீடுகளில் புதிய எண்ணெய் பாய்லர் பொருத்துவதை 2026 முதல் நிறுத்துவதென்று அரசு ஒரு காலத்தில் முன்மொழிந்தது. 2023 செப்டம்பரில் அதை 2035க்குத் தள்ளியது. சட்டம் மேலும் எந்தப் பக்கம் திரும்பினாலும், இன்று போடும் பாய்லர் பதினைந்து இருபது ஆண்டு உங்கள் வீட்டில் நிற்கும். வீட்டை விற்கும்போது வாங்குபவர் அதைப் பார்ப்பார்.

எண்ணெய்தான் சரி என்று நான் சொல்லும் வீடுகளும் உண்டு. ஏற்கனவே நல்ல இரட்டை டேங்க் நிற்கும் வீடு. காப்பில்லாத கற்சுவர், மாற்றக் கூடாதென்று பாதுகாக்கப்பட்ட பழைய சன்னல்கள், வெப்பப் பம்பு வைக்கத் திறந்த இடம் இல்லாத வீடு. சிலிண்டர் தூக்கித் தூக்கி மாற்ற முடியாத முதியவர்கள் இருந்து, மொத்த கேஸ் டேங்க் வைக்க இடமும் இல்லாத வீடு. இவர்களுக்கு எண்ணெய் பாய்லர் நல்ல துணை. ஒழுங்காகப் பொருத்தி ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டால் இருபது ஆண்டு உழைக்கும்.

எந்த முடிவாக இருந்தாலும் வேலைக்கு வருபவரிடம் அடையாள அட்டையைக் கேளுங்கள். கேஸ் இணைப்பைத் துண்டிக்க கேஸ் சேஃப் பதிவு பெற்றவர்தான் வர வேண்டும், சட்டம் அப்படி. எண்ணெய் வேலைக்கு ஆஃப்டெக் பதிவு உள்ளவரை அழையுங்கள். அவர் வேலை முடிந்ததும் சான்றிதழ் எழுதித் தருவார், கவுன்சிலுக்கும் அந்த வழியில் தகவல் போகும். பதிவில்லாத ஆள் செய்தால் நீங்களே கவுன்சிலின் கட்டட அதிகாரியிடம் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு வீட்டை விற்கும்போது வழக்கறிஞரிடம் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஆள், தெரிந்தவர், ரொக்கமாகக் கொடுத்தால் குறைப்பார் என்று போகாதீர்கள். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். புதிய பாய்லர் பொருத்தும்போது இங்கிலாந்தில் அது கட்டாயம்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. இந்த வாரமே கேஸ் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து அதன் தேதியைப் பாருங்கள். இரண்டு ஆண்டு கடந்திருந்தால் குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். அந்த விலை கையில் வந்த பிறகு, எண்ணெய்க்கும் வெப்பப் பம்புக்கும் எழுத்தில் விலைப்பட்டியல் வாங்கி, மூன்றையும் யூனிட் கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்